சங்கிலியை அவிழ்த்த கைகள்

நீடாமங்கலம் சந்திப்பில் இரவு மன்னை விரைவு வண்டியில் ஏறி உட்கார்ந்தால், பொழுது விடியும் நேரத்துக்குச் சென்னை எழும்பூர். எழும்பூரிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு நகரப் பேருந்து உண்டு. ஓர் இரவுப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய இடம். ஆனால் நம்முடைய நெஞ்சுக்கு மட்டும் அது ஏனோ எட்டாத தொலைவாகவே இருந்து வருகிறது. கீழ்ப்பாக்கம் என்றால் ஓர் ஊரின் பெயராக அது நம் காதில் விழுவதில்லை. வசவாக விழுகிறது; கேலியாக விழுகிறது.

மேடையில் ஏறுகிற பேச்சாளருக்கு, மாற்றுக் கட்சிக்காரரை மறுக்க வாதம் கிடைக்கவில்லை என்று வையுங்கள். "அவரைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புங்கள்" என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. கைதட்டல் வானைப் பிளக்கிறது. நாம் கேட்கிறோம்: விளக்கு வெளிச்சம் சரியாகப் படாத கடைசி வரிசையில், தோளில் துண்டுடன் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவருடைய மகன் அங்கே சிகிச்சை பெற்றுத் திரும்பியவனாக இருந்தால்? அவரால் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியுமா? மறுநாள் கட்சி அலுவலகத்துக்கு வந்து, "தோழரே, என் மகனுக்கு உடம்பு சரியில்லை, ஒரு கடிதம் கொடுங்கள்" என்று வாய் திறந்து கேட்கத்தான் முடியுமா?

இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. பெங்களூர் நிம்கான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேலே ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. கடுமையான நோய் உள்ளவர்கள் அதில் சிறு பங்குதான். மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம் ஆகியவையே பெரும்பங்கு. அவர்களிலும் பெரும்பாலோர் எந்த மருத்துவரிடமும் போகாதவர்கள். ஐந்நூறு பேர் கூடுகிற கூட்டமென்றால் ஏறத்தாழ ஐம்பது பேர்! நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? நம்மைப் பார்த்தேதான் சிரித்துக்கொள்கிறோம்!

ஆகவே இன்று நாம் கீழ்ப்பாக்கத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். அங்கே கூடி வாழ்கிறவர்களைப் பற்றியும், அவர்களோடு பகலும் இரவும் பாடுபடுகிற தொழிலாளர்களைப் பற்றியும் பேசப்போகிறோம். காவிரிப் படுகையில் கலப்பையும் கதிரரிவாளும் பிடித்த கைகளுக்கு அந்தக் கைகளின் அருமை விளங்கும் என்று நம்புகிறோம்.

பூட்டிய கதவின் கதை

1794ஆம் ஆண்டு, கும்பினியார் காலம். வாலண்டைன் கோனலி என்ற அறுவை மருத்துவரின் பொறுப்பில் சென்னையில் ஒரு சிறிய விடுதி எழுந்தது. பித்தம் பிடித்தவர்களை வைத்துப் பாதுகாக்கும் இடம் என்று அதற்குப் பெயர். பாதுகாப்பு யாருக்கு? உள்ளே இருந்தவர்களுக்கா, வெளியே இருந்தவர்களுக்கா? பின்னதுதான் என்று சொல்லவேண்டிய அவசியமில்லை.

1871இல் அது கீழ்ப்பாக்கத்துத் தோட்டமொன்றுக்கு இடம் மாறியது. அன்று அங்கே போனவர்கள் 145 பேர். 1922இல் 'அரசு மனநோய் மருத்துவமனை' என்று பெயர் மாற்றினார்கள். 1978இல் 'மனநலக் கழகம்' ஆயிற்று. காப்பகம், மருத்துவமனை, கழகம் எனப் பெயர்ப்பலகை இரண்டு முறை மாறியது. ஆனால் தெருவில் நின்று பேசுகிற நாம் மட்டும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்!

வெள்ளைக்காரன் ஆட்சி முடியும் தறுவாயில், 1946இல், போர் குழு தன் அறிக்கையைத் தந்தது. அதில் ஒரு கணக்கு. இங்கிலாந்தில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒரு மனநோய்ப் படுக்கை. இந்தியாவிலோ ஏறத்தாழ 40,000 பேருக்கு ஒன்று. ஆண்டவனுக்கும் ஆளப்பட்டவனுக்கும் இருந்த வேறுபாடு அந்த இரண்டு எண்களில் அடங்கிக் கிடக்கிறது. நாடு முழுவதற்கும் இடம் போதாது. இருந்த இடத்திலோ நெரிசல். நெரிசல் மிகுந்தால் சிகிச்சை நின்றுபோகும், காவல்தான் மிஞ்சும். நோயாளி கைதியாகிறான், அவனைப் பார்த்துக்கொள்ள வந்தவன் காவற்காரனாகிறான். இருவரும் ஒரே மதிலுக்குள் அடைபட்டவர்களே!

முதலில் அவிழ்த்தவர் யார்?

உலக வரலாற்றுக்குச் சற்றுச் செல்வோம். மனநோயாளிகளின் சங்கிலியை அறுத்தெறிந்தவர் என்று பாரிசு நகரத்துப் பினெல் என்ற மருத்துவரைப் புகழ்வார்கள். அவருக்குச் சிலை உண்டு. அவரை வரைந்த ஓவியமும் உண்டு. பினெல் பெரியவர்தான், ஐயமில்லை. ஆனால் பாரிசின் பிசெத்ர் மருத்துவமனையில் சங்கிலியை முதலில் அவிழ்த்தது அவர் கையல்ல!

புசேன் என்றொருவர். படித்த மருத்துவரல்ல, தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்தில் கட்டி கட்டியாக வரும் கண்டமாலை நோயோடு அதே பிசெத்ருக்கு நோயாளியாக வந்து சேர்ந்தவர். குணமான பின்பு அங்கேயே வேலைக்கு அமர்ந்தார். படிப்படியாக மனநோய்ப் பகுதியின் பொறுப்பாளரானார். அவருடைய துணைவியாரும் அங்கே உடன் உழைத்தார். நோயாளியை அடிக்கக்கூடாது என்று ஊழியர்களுக்குக் கட்டளையிட்டார். குணமானவர்களையே பணியாளர்களாகச் சேர்த்துக்கொண்டார். வலியை அனுபவித்தவனுக்குத்தான் வலி தெரியும் என்பது அவர் கண்ட உண்மை.

1793இல் பினெல் அங்கே மருத்துவராக வந்தார். இந்தத் தொழிலாளியைக் கவனித்தார், கற்றுக்கொண்டார். 1795இல் வேறு மருத்துவமனைக்கு மாறிப் போனார். அதன் பிறகு, 1797இல், புசேன் தம் பொறுப்பில் இருந்தவர்களின் இரும்புச் சங்கிலிகளைக் கழற்றினார். பின்னர் பினெல் தம் மருத்துவமனையிலும் அதையே பின்பற்றினார். புசேனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அவருக்குத் தாம் பட்ட கடனை எழுதியும் வைத்தார். பினெல் மறைக்கவில்லை, நாம்தான் மறந்தோம்.

தோல் பதனிட்ட கை சங்கிலியை அவிழ்த்தது! தோழர்களே, தொழிலாளியின் வரலாற்றில் பொறிக்கவேண்டிய செய்தி அல்லவா இது? ஆனால் நமக்குச் சொல்லித்தரப்பட்ட பெயர் எது? மேலே இருந்தவருடைய பெயர்.

இந்த வழக்கம் நமக்கும் புதிதல்ல. சூன் 12 என்றால் மேட்டூரில் மலர் தூவி அணையைத் திறப்பார்கள், படம் எடுப்பார்கள், மறுநாள் ஏடுகளில் பார்ப்போம். ஆனால் அந்தத் தண்ணீர் நீடாமங்கலத்தருகே மூணாறு தலைப்பில் வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறதே, அங்கே நடுச்சாமத்தில் பலகையை ஏற்றி இறக்குகிற லஸ்கர் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவன் ஒரு நாள் தூங்கிவிட்டால் ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் வறட்சி. மருத்துவமனையில் வார்டரும் ஆயாவும் நர்சும் துப்புரவுத் தொழிலாளியும் அந்த லஸ்கரைப் போன்றவர்கள். தண்ணீர் மேட்டூரிலிருந்து வரலாம். வயலுக்கு விடுகிறவர்கள் இவர்கள்!

ஒரு மருத்துவ அம்மையார்

கீழ்ப்பாக்கத்தின் வரலாற்றில் மறக்க முடியாத பெயர் டாக்டர் சாரதா மேனன். 1923இல் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 1961இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளரானார். 1978 வரை, பதினேழு ஆண்டுகள், அந்தப் பொறுப்பிலிருந்தார்.

அவர் பொறுப்பேற்ற காலம் மருத்துவ உலகில் ஒரு திருப்பம் நேர்ந்திருந்த காலம். 1952இல் குளோர்புரோமசின் என்ற மருந்து பிரான்சு நாட்டில் மனநோய்க்குப் பயன்பட்டது. அதுவரை கூச்சலும் கலவரமுமாக இருந்த வார்டுகள் உலகெங்கும் அமைதி பெறத் தொடங்கின. ஆனால் மாத்திரை ஒன்றே மனிதனை மீட்டுவிடுமா? கூச்சல் அடங்கியவன் மூலையில் குந்தியிருந்தால் அது குணமா? அவனுக்கு வேலை வேண்டும். பேச ஆள் வேண்டும். திரும்பிப் போக ஒரு வீடு வேண்டும்.

அந்த அம்மையார் இதை உணர்ந்தார். புறநோயாளர் பிரிவை வளர்த்தார். கைத்தொழிலைச் சிகிச்சையின் பகுதியாக்கினார். மாவட்ட மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு வேண்டும் என்று பாடுபட்டார். ஓய்வு பெற்ற பின்னும் ஓயவில்லை. 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ப்' என்ற அமைப்பைச் சென்னையில் நிறுவியவர்களில் தலைமையானவர். 1992இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2021 டிசம்பரில், 98ஆவது வயதில் மறைந்தார்.

வேறிடங்களிலும் இதே காற்று வீசியது. 1950களில் அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் ஒரு புதுமை செய்தார். நோயாளியின் குடும்பத்தாரையே அழைத்து, வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கவைத்தார். தாய் மகனுக்கு ஊட்டினாள். மனைவி கணவனுக்கு மருந்து கொடுத்தாள். நோய் என்னவென்று கண்ணாரக் கண்டு தெரிந்துகொண்டார்கள். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1957இல் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தாரை உடன் தங்கவைக்கும் முறையைக் கைக்கொண்டது. மேல்நாட்டார் பின்னாளில் ஆராய்ந்து பாராட்டிய முறை இது. நம் குடும்பத்தின் வலிமையை நாமே கண்டு பயன்படுத்திய கதை.

பகலும் இரவும்

இப்படிப்பட்ட மருத்துவமனையில் ஒரு நாள் எப்படிப் போகிறது?

விடிந்ததும் ஆட்களை எண்ணவேண்டும். முகம் கழுவ மறுப்பவரைக் கழுவவைக்க வேண்டும். உணவில் நஞ்சு கலந்திருக்கிறது என்று நடுங்குகிறவர் எதிரில் உட்கார்ந்து, முதல் கவளத்தைத் தாம் உண்டு காட்டிப் பிறகு அவரை உண்ணவைக்க வேண்டும். மாத்திரையை விழுங்கினாரா, நாக்குக்கு அடியில் ஒதுக்கினாரா என்று பார்க்கவேண்டும். கை நடுங்குகிறதா, நடை விறைக்கிறதா, வாயில் எச்சில் வழிகிறதா என்று கவனிக்க வேண்டும். மருந்து அதிகமானதை மருத்துவரின் ஏட்டுக்கு முன்னே காட்டிக் கொடுப்பவை அந்த அடையாளங்கள்தாம். மருத்துவர் வார்டைச் சுற்றி வருவது சிறிது நேரம். ஊழியர் இருப்பதோ முழு முறை நேரமும். "நேற்று முதல் இவர் யாரோடும் பேசவில்லை ஐயா" என்ற ஒரு சொல்லை மருத்துவரின் காதில் போடுகிறவர் அவர். அந்த ஒரு சொல் ஓர் உயிரைக் காப்பாற்றும். வாழ்வை வெறுத்தவன் முடிவெடுக்கும் முன்பு பெரும்பாலும் மௌனமாகிவிடுகிறான் என்பதை அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

பிறகு வேலைக்கூடம். நெசவு, தையல், ரொட்டி சுடுதல். அடுப்பின் முன் நின்று மாவு பிசைகிறவரைப் பாருங்கள். நோயாளி யார், சொல்லிக்கொடுக்கும் தொழிலாளி யார் என்று தெரியாது. உழைப்புக்கு அந்த மாயம் உண்டு. உழைப்பின் முன் இருவரும் ஒன்று. பொங்கல் வந்தால் பானை பொங்குகிறது, கோலம் விழுகிறது, பாட்டும் ஆட்டமும் நடக்கின்றன. வீட்டுக்குப் போக வழியற்றுப் பல ஆண்டுகள் அங்கேயே கழித்தவர்களுக்கு, அந்த ஊழியர்கள்தாம் அண்ணன், அவர்கள்தாம் அக்கா. அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதால்தான் அந்த மனிதர்களுக்குத் தங்கள் பெயரே நினைவிருக்கிறது!

இரவில் இன்னொரு உலகம். ஒருவர் உறங்காமல் உலவுகிறார். ஒருவர் இறந்துபோன தாயோடு பேசுகிறார். ஒருவர் திடீரென்று ஓங்கி அடித்துவிடுகிறார். அடி வாங்கிய ஊழியர் திருப்பி அடிக்கக்கூடாது. நோய் அடித்தது, மனிதன் அடிக்கவில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்வது எளிது. கன்னம் வலிக்கும்போது நினைத்துப் பார்ப்பது எவ்வளவு கடினம்! அந்தக் கடினத்தைத் தினமும் செய்கிறவர்களைத்தான் தெரு "பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஆள்" என்று இளப்பமாகக் கூப்பிடுகிறது. பெண் பார்க்கப் போன இடத்தில் வேலை செய்யும் இடத்தைச் சொல்லவே தயங்குகிற நிலையை நாம் அவர்களுக்கு வைத்திருக்கிறோம்.

எல்லாரும் உத்தமர்கள் என்று நாம் சாதிக்க வரவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் நாட்டின் மனநோய் மருத்துவமனைகளை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட அறிக்கை, பல இடங்களில் சிறைச்சாலை போன்ற நிலைமையைக் கண்டு சொன்னது. கொடுமை நடந்திருக்கிறது. நடந்ததை மூடி மறைப்பவன் தொழிலாளியின் நண்பன் அல்லன். ஆனால் நாம் சொல்வது இது: எண்ணிக்கையில் குறைந்த ஊழியர்களை எண்ணிக்கையில் மிகுந்த நோயாளிகளிடம் விட்டு, பயிற்சியும் தராமல், ஓய்வும் தராமல் வைத்தால், நல்லவன் கையிலும் கம்பு வந்து சேரும். கம்பைப் பிடுங்கவேண்டுமானால் ஆளைக் கூட்டவேண்டும், பயிற்சி தரவேண்டும். அதுதான் நேர்வழி.

பந்தியும் மொட்டையும்

நீடாமங்கலத்துக்குத் திரும்புவோம். இந்த ஊருக்கு ஒரு நினைவு இருக்கிறது, மறக்கக்கூடாத நினைவு.

1937 டிசம்பரில் இங்கே ஒரு காங்கிரசு மாநாடு நடந்தது. விருந்தும் நடந்தது. பொதுப்பந்தி என்ற சொல்லை நம்பி, தாழ்த்தப்பட்ட தோழர்கள் சிலரும் இலையின் முன் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து உண்டது குற்றமாயிற்று! அவர்களைப் பிடித்து அடித்தார்கள்; தலையை மொட்டையடித்தார்கள்; சாணிப்பாலைக் குடிக்கவைத்தார்கள். சுயமரியாதை இயக்கம் அந்தக் கொடுமையைத் தமிழ்நாடெங்கும் எடுத்துச் சொன்னது.

அந்த நிகழ்ச்சிக்கும் மனநோய் மருத்துவமனைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. மனிதனை மனிதனல்லன் என்று அறிவிக்க உலகம் கையாண்ட வழிகள் எல்லா இடத்திலும் ஒன்றேதான்: பந்தியிலிருந்து எழுப்புவது, தலையை மழிப்பது, கட்டிவைப்பது, கூலியில்லாமல் வேலை வாங்குவது. பண்ணையில் நடந்ததும் இதுதான். பழைய மனநோய் விடுதிகளில் நடந்ததும் இதுதான்.

2017இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் 20ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நோயாளியைக் கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. விரும்பினால் அவர் தம் சொந்த உடையை உடுத்தலாம். சீருடையைத் திணிக்கக் கூடாது. வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. செய்த வேலைக்குத் தக்க ஊதியம் தரவேண்டும். வேறொரு பிரிவு, எந்த வகையிலும் எவரையும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. 19ஆம் பிரிவோ, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கலாகாது. ஊருக்குள் வாழ அவருக்கு உரிமை உண்டு என்கிறது.

மொட்டையடிக்காதே, கட்டாதே, கூலி கொடு! தஞ்சைத் தரணியில் சாணிப்பாலையும் சவுக்கடியையும் ஒழிக்கச் சங்கம் கட்டிப் போராடிய உழவனுக்கு இந்த முழக்கங்களை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அவன் வயலில் எழுப்பிய குரல் அது. அதே குரல் எழுபது ஆண்டுகளுக்குப் பின் மனநோயாளிக்காகச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. ஆகவேதான் சொல்கிறோம்: அவன் வழக்கு நம் வழக்கு!

எரிந்த கொட்டகை

சட்டம் சும்மா வந்துவிடவில்லை. 2001 ஆகஸ்டு 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. ஓலைக்கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓடமுடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட விடுதிகள் மூடப்பட்டன.

அங்கே அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் யார்? கொடியவர்களா? பெரும்பாலும் நம்மைப் போன்ற ஏழைகள்தாம். அருகில் மருத்துவர் இல்லை, இருந்தாலும் தெரியாது, தெரிந்தாலும் வெட்கம். நேர்ச்சை நேர்ந்து, கையிலிருந்த காசைக் கொடுத்து, கண்ணீரோடு திரும்பினார்கள். நம்பிக்கையை நாம் இங்கே நிந்திக்கவில்லை; மருத்துவம் எட்டாத இடத்தில் மனிதன் எதையாவது பற்றத்தான் செய்வான். மருத்துவத்தை எட்டவைக்காத சமுதாயத்தைத்தான் குற்றஞ்சாட்டுகிறோம். அந்தச் சமுதாயத்தில் நாமும் ஓர் உறுப்பு.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு; நெஞ்சு நிமிரச் சொல்லவேண்டிய செய்தி. 2019 நாடாளுமன்றத் தேர்தலில், கீழ்ப்பாக்கத்தில் தங்கியிருந்தவர்களில் நூற்றைம்பது பேருக்கு மேல் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்று, மருத்துவமனை வளாகத்திலேயே அமைந்த வாக்குச்சாவடியில் வாக்களித்தார்கள். நீதிமன்றம் ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று அறிவித்தாலொழிய அவர் வாக்குரிமையை எவரும் பறிக்கமுடியாது. அவர்களுக்கு இயந்திரம் காட்டி, சின்னம் காட்டி, ஒத்திகை பார்த்து, வரிசையில் நிறுத்தி அழைத்துச் சென்றவர்கள் யார்? அந்த மருத்துவமனை ஊழியர்களும் மருத்துவர்களும்தாம். விரலில் மை பட்டவுடன் "நானும் குடிமகன்" என்று ஒரு மனிதன் நிமிர்ந்திருப்பானே, அதைவிடச் சிறந்த மருந்து எந்தக் கடையில் கிடைக்கும்?

பொன்னாடை போதுமா?

ஆண்டுதோறும் அக்டோபர் 10, உலக மனநல நாள். 1992 முதல் கொண்டாடி வருகிறார்கள். மே 12, செவிலியர் நாள். விழா நடக்கும், பொன்னாடை போர்த்துவார்கள், கேடயம் கொடுப்பார்கள். கொடுக்கட்டும்! பாராட்டு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பாராட்டே கேட்டறியாத காதுகளுக்கு ஒரு நல்ல சொல்லும் தேன்தான்.

ஆனால் பொன்னாடை இரவு முறையின் குளிரைத் தாங்காது. கேடயம் அடுப்பை எரிக்காது. அரசு மருத்துவமனைகளில் துப்புரவையும் காவலையும் ஒப்பந்தக்காரரிடம் விட்டிருக்கிற காலம் இது. நிரந்தரம் இல்லாத தொழிலாளி, நாளைக்கு இருப்போமா என்று தெரியாத தொழிலாளி, நோயாளியின் பெயரை எப்படி நினைவில் வைப்பான்? இந்த நோய்க்கு மருந்தில் பாதி, தெரிந்த முகம். முகம் மாதம் ஒருமுறை மாறினால் மருந்தில் பாதி போயிற்று! ஆகையால் நிரந்தர வேலை என்பது தொழிலாளியின் கோரிக்கை மட்டுமல்ல. நோயாளியின் உரிமையும் ஆகும்.

போதிய ஆட்கள், பயிற்சி, ஓய்வறை, அடிபட்டால் சிகிச்சையும் ஈட்டுத்தொகையும், காலத்தில் பதவி உயர்வு. மெய்யான பாராட்டின் எழுத்துகள் இவை. பொன்னாடையை இதன் மேல் போர்த்துங்கள், அழகாக இருக்கும்.

நாம் செய்யவேண்டியது

கோரிக்கை அரசுக்கு, கடமை நமக்கு. நீடாமங்கலம் வட்டாரத் தோழர்களே, நாம் செய்யக்கூடியவை பல.

முதலாவது, நம் மேடையிலிருந்து அந்த வசவை ஒழிப்போம். கீழ்ப்பாக்கம் என்ற சொல்லைக் கேலிக்காக எடுக்கிற பேச்சாளரை, தலைவர் சீட்டு அனுப்பி நிறுத்தட்டும். வாதத்துக்கு வாதம் வைப்போம், வசவு வேண்டாம்.

இரண்டாவது, வழி சொல்வோம். எல்லாவற்றுக்கும் சென்னைக்கு ஓடவேண்டியதில்லை. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2010இல் தொடங்கிய திருவாரூர் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற எண்ணில், காசில்லாமல், தமிழிலேயே ஆலோசனை கிடைக்கிறது. 2022இல் வந்த ஏற்பாடு. இந்த எண் நம் படிப்பகத்துச் சுவரிலும், சங்க அலுவலகப் பலகையிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பயிர் கருகிக் கடன் கழுத்தை நெரிக்கும்போது, பூச்சிமருந்துப் புட்டியைப் பார்க்கிற கண்கள் அந்த எண்ணையும் பார்க்கட்டும்! உயிரை விட முயன்றவரைத் தண்டிக்கும் எண்ணமும் இன்று சட்டத்தில் தளர்ந்திருக்கிறது. அவர் கடும் மனநெருக்கடியில் இருந்தவராகவே கருதப்படுவார், அரசு அவருக்கு உதவவேண்டும் என்கிறது 2017 சட்டம். அஞ்சாமல் அழைத்துச் செல்லலாம்.

மூன்றாவது, மிகப்பெரியது. குணமாகித் திரும்பியவனுக்கு வரிசையில் இடம் கொடுப்போம். நடவுக்குப் போகிற கூட்டத்தில், அறுப்புக்கு இறங்குகிற கூட்டத்தில், கட்சிக் கொடி கட்டப் போகிற கூட்டத்தில் அவனையும் கூப்பிடுவோம். தேநீர்க்கடையில் அவன் குவளையைத் தள்ளி வைக்காதிருப்போம். தனிக்குவளையின் வலி இந்த மண்ணுக்குத் தெரியும். மருந்து வேளையை நினைவூட்ட ஒருவர், பேருந்து நிலையத்துக்கு உடன் போக ஒருவர், இரண்டு பேர் போதும், ஒரு குடும்பத்தின் சுமை பாதியாகிவிடும். மருத்துவமனை ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு மீட்டுத் தரும் மனிதனை, ஊர் ஒரே வாரத்தில் மீண்டும் நோயாளியாக்கி அனுப்பினால், அது அவர்கள் உழைப்பையே மிதிப்பதாகும். அவர்களுக்கு நாம் தரக்கூடிய உயர்ந்த பாராட்டு, அவர்கள் அனுப்பிய மனிதன் திரும்பிப் போகவேண்டிய அவசியம் வராமல் பார்த்துக்கொள்வதே.

சங்கிலியை அவிழ்த்தவன் தோல் பதனிட்ட தொழிலாளி என்றோம். இரும்புச் சங்கிலி போய்விட்டது. வெட்கம், வசவு, விலக்கு என்னும் சங்கிலிகள் மிச்சமிருக்கின்றன. அவற்றைக் கழற்ற மருத்துவரால் ஆகாது. சட்டத்தாலும் தனியே ஆகாது. ஊரின் கைகள் வேண்டும். உழைக்கும் கைகள் வேண்டும். ஒருகாலத்தில் பந்தியில் உட்கார்ந்தவனை இழுத்துப்போட்டு மொட்டையடித்த ஊர் என்று பெயரெடுத்த நீடாமங்கலம், ஒதுக்கப்பட்டவனைக் கைப்பிடித்து அழைத்துப் பந்தியில் உட்காரவைத்த ஊர் என்று பெயர் பெறட்டும். இலை போடுங்கள் தோழர்களே. அவர்களுக்கும் இடம் இருக்கிறது!